உட்கார்ந்தால் எட்டும் உயரம்

அன்புள்ள தவளைக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் மானம் ஒன்றைத் தவிர. அது போன வியாழக்கிழமை காலையில் குழாய்த் தண்ணீரோடு போய்விட்டது.

விஷயம் இதுதான். நம் வீட்டுக் குளியலறையில் புதிதாக ஷவர் வைத்திருக்கிறோம். கை எட்டுகிறதா என்று பார்க்கலாமே என்று, சட்டை பேன்ட்டோடு, கழுத்தில் அளவு டேப்போடு, உள்ளே இருக்கும் பலகையில் போய் உட்கார்ந்தேன். எட்டியது. நன்றாகவே எட்டியது. திருகு லேசாக இருக்கும் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். தொட்டாலே திறந்துகொள்ளும் அளவுக்கு லேசு என்று சொல்லவில்லை. தலைக்கு மேலிருந்து பச்சைத் தண்ணீர் கொட்டியதும் நான் போட்ட கூச்சலில், முன்னறையில் பேன்ட் வாங்க வந்து நின்ற ஹெட்மாஸ்டர், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று உள்ளே ஓடிவந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். "என்ன டைலர், சட்டையோடவா குளிப்பீங்க?" என்றார். எனக்கு வாயில் என்ன வந்தது தெரியுமா? "துணி சுருங்குதான்னு பார்த்தேன் சார்" என்றேன். மனிதர் நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவருடைய பேன்ட்டையும் நனைத்துப் பார்த்தேனா என்று கவலையோடு கேட்டுவிட்டுப் போனார்.

உன் அம்மா அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே இன்னொரு தடவை நனையலாம் போலிருந்தது.

இதையெல்லாம் போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் எங்கே? "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, ஏன் அவ்வளவுதான் சாப்பிட்டே" என்று உன் அம்மா கேட்டு முடிப்பதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது. கடைசியில் போன் என் கைக்கு வரும்போது நீ, "வேற என்னப்பா?" என்பாய். நான், "வேற ஒண்ணுமில்லம்மா" என்பேன். அந்த ஒன்றுமில்லாததைத்தான் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துப்பிழைகளைப் பொறுத்துக்கொள். உன் அப்பன் படித்த பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள் பாதி நாள் வர மாட்டார்கள், மீதி நாள் நான் போக மாட்டேன்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். போன மழைக்காலத்தில் ஒருநாள் அம்மா உன்னிடம், எப்போது வருகிறாய் என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். "வந்தா யாரும்மா என்னைக் குளிப்பாட்டுறது? நீயா? நான் என்ன கைக்குழந்தையா? இங்கன்னா எனக்கு நானே குளிச்சுக்கறேன்." அம்மாவும் சிரித்தாள். அப்புறம் நீங்கள் இருவரும் வெயிலையும் மழையையும் பற்றிப் பேசப் போய்விட்டீர்கள். நான் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எடுத்த காஜா அத்தனையும் கோணல். பிரித்து மறுபடி எடுத்தேன்.

அந்த லாரி உன் வண்டியில் மோதிய பிறகு நீ நம் வீட்டுப் படி ஏறவில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் வந்து பார்த்ததோடு சரி. இப்போது உன்னைப் போனில் கழுத்து வரைக்கும்தான் பார்க்கிறோம். சக்கர நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருக்கிறாய், கை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. கழுத்தை மட்டும் பார்த்து அளவெடுக்க என்னால் முடியாது. காலர் வேண்டுமானால் தைக்கலாம்.

நம் பழைய குளியலறை உனக்கே தெரியும். உள்ளே போக ஒரு படி ஏறி, இன்னொரு படி இறங்க வேண்டும். கட்டினவன் எந்த மனக்கஷ்டத்தில் கட்டினானோ. வாசல் குறுகல், நடுவில் தொட்டி, மிச்ச இடத்தில் வாளி, அதிலும் மிச்சம் இருந்தால் மனிதன். ஆனால் அந்த இடுக்கில்தான் நீ காலை முழுக்கக் குடியிருப்பாய். தண்ணீரில் இறங்கினால் ஏறவும் மாட்டாள், வாயை மூடவும் மாட்டாள் என்று அம்மா உனக்குத் தவளை என்று பேர் வைத்ததே அதனால்தானே. நீ பாடுகிற பாட்டில் பாதி வரி சரியாக இருக்கும், மீதி உன் சொந்தச் சரக்கு.

அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் என் மெஷின். நடுவே ஒரே ஒரு செங்கல் கனம். நீ உள்ளேயிருந்து, "அப்பா, மெஷின் ஏன் நின்னுபோச்சு? தூங்கிட்டீங்களா?" என்று கத்துவாய். "நூல் அறுந்துபோச்சும்மா" என்பேன். அம்மா அடுப்படியிலிருந்து, "நல்ல நூலா பார்த்து வாங்குங்க. தினமும் அவ குளிக்கிற நேரத்துக்குத்தான் அறுந்துபோகுது" என்பாள். நினைவிருக்கிறதா?

சரி, கதைக்கு வருகிறேன். இந்த அறையை உடைத்துக் கட்டுவது என்று நான் முடிவு பண்ணியதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாய், எனக்காக எதுக்குப்பா என்பாய். ஆனால் அளவு வேண்டுமே. அதனால்தான் உன் நாற்காலிக்கு மெத்தை உறை தைத்து அனுப்புகிறேன், அளவு சொல் என்று கேட்டேன். அகலம் சொன்னாய், நீளம் சொன்னாய். தரையிலிருந்து இருக்கை எவ்வளவு உயரம் என்று கேட்டதும், "உறைக்கு எதுக்குப்பா உயரம்?" என்று மடக்கினாய். இப்போதெல்லாம் அதுதான் ஃபேஷன் என்று சமாளித்தேன். உண்மையில் அந்த உயரத்துக்குத்தான் ஷவருக்குக் கீழே மடக்குப் பலகை வைத்திருக்கிறது. உன் நாற்காலியும் அதுவும் ஒரே மட்டம். ஏற வேண்டாம், இறங்க வேண்டாம், கையை ஊன்றி நகர்ந்தால் போதும். உறையும் தைத்தாயிற்று. இதோடு அனுப்புகிறேன். பொய் சொன்னாலும் முழுப் பொய் சொல்லக் கூடாது பார்.

இங்கேயும் ஒரு பொய் சொன்னேன். அதில்தான் மாட்டிக்கொண்டேன்.

கொத்தனார் வந்து, யாருக்காக இவ்வளவு வேலை என்று கேட்டபோது, வீட்டுக்காரிக்கு முட்டிவலி என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. உன்னைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன், வேறு என்னவோ வந்தது. கொத்தனார் நல்லவர், கொஞ்சம் அதிகமாகவே நல்லவர். தினமும் வந்ததும் அம்மாவிடம், "முட்டி எப்படிம்மா இருக்கு?" என்று விசாரிப்பார். அம்மா மாடிக்கு ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே, "எனக்கு எங்கய்யா முட்டிவலி? இருந்தா இந்த மனுஷனாலதான் இருக்கும்" என்பாள். அவர் என்னைப் பார்ப்பார். நான் ஊசியில் நூல் கோர்ப்பேன்.

குழாய், பிடிகம்பி, சோப்பு வைக்கிற மாடம் எல்லாம் எந்த உயரத்தில் என்று அவர் கேட்டார். கைக்கு எட்டுகிற உயரத்தில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, பட்டனும் காலருக்குள் வைக்கிற உள்துணியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் வேலை கனகச்சிதம். எல்லாம் கைக்கு எட்டுகிறது. நிற்கிறவன் கைக்கு. தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு திட்டும் கட்டி, அதை மெழுகி, அழகாக வளைத்தும் விட்டிருந்தார்.

அவரைத் திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை? நானே காலமெல்லாம் நிற்கிறவர்களுக்கு அளவெடுத்தவன். நேரா நில்லுங்க சார், தோளைத் தளர்த்துங்க சார் என்று சொல்லியே பழக்கம். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து கையைத் தூக்கிப் பார்த்தேன். பிடிகம்பிக்கும் என் விரலுக்கும் நடுவே ஒரு சட்டைக் கை நீளம் இடைவெளி.

உடைத்துவிட்டு மறுபடி கட்டச் சொன்னேன். கொத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாத்தானே இருக்கு! கிறுக்குப் பிடிச்சிருக்கா டைலரே உங்களுக்கு? எது சரியில்லன்னு சொல்லுங்க, உடைக்கறேன்" என்றார். அம்மா வாசலில் வந்து நின்றுகொண்டு என்னையே பார்த்தாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று நின்றாள்.

"என் பொண்ணுக்காகக் கட்டறேன். அவ நிக்க மாட்டா" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "நிக்க மாட்டாளா? ஏன், வந்த கையோட கெளம்பிடுவாளா? தூரத்திலேர்ந்து வர்ற பொண்ணு, நாலு நாள் நின்னுட்டுத்தான் போகட்டுமே. நீங்க சொன்னா கேக்க மாட்டாளா?" என்றார்.

அவர் சொன்னதும் ஒரு விதத்தில் நான் கேட்க நினைத்ததுதானே. அம்மா உள்ளே போய்விட்டாள். நான் அந்த ஸ்டூலில் மறுபடி உட்கார்ந்து, இரண்டு பக்கமும் சக்கரத்தைத் தள்ளுவது போலக் கையால் காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார். பிறகு குனிந்து உளியை எடுத்தார். அந்த வளைத்த திட்டைத்தான் முதலில் உடைத்தார்.

அதற்கப்புறம் மனிதரைப் பிடிக்க முடியவில்லை. நான் கேட்காததையெல்லாம் கீழே இறக்கிவிட்டார். விளக்கு சுவிட்ச் கீழே, துண்டு மாட்டும் கொக்கி கீழே, முகம் பார்க்கும் கண்ணாடி கீழே. இப்போது அதில் எனக்கு என் வயிறு மட்டும்தான் தெரிகிறது. சவரம் பண்ண வேண்டுமென்றால் முட்டி போட வேண்டியிருக்கிறது. முட்டிவலி என்று சொன்ன பொய் அப்படிப் பலித்துவிட்டது.

தரைக்கு வழுக்காத சொரசொரப்புக் கல். வாசலுக்கும் தரைக்கும் மேடு பள்ளம் கிடையாது, நாற்காலி நேராக உள்ளே வந்து திரும்பும். வாட்டம் சரியாக இருக்கிறதா என்று மெஷினிலிருந்து நூல் சுற்றுகிற பாபின் உருளை ஒன்றைக் கழற்றி வைத்துப் பார்த்தேன். எந்த மூலையில் வைத்தாலும் தானாக உருண்டு வடிகாலுக்குப் போய்ச் சேருகிறது. பிடிகம்பி தாங்குமா என்று சந்தேகம் வந்தது. கொத்தனார் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. அவரையே தொங்கவிட்டுப் பார்த்தோம். கம்பி அசையவில்லை, அவருக்குத்தான் தோள் பிடித்துக்கொண்டது.

கண்ணாடித் தடுப்பு விஷயத்தைச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தேன். அம்மா எப்படியும் சொல்லிவிடுவாள், நானே சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்ப்பது போல ஷவரைச் சுற்றிக் கண்ணாடி வைக்கலாம் என்று எனக்கு ஆசை. அளவெடுத்துக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தேன். எந்த அளவை எழுதினாலும் இரண்டு விரல் லூஸ் சேர்த்து எழுதுவது என் கை தானாகச் செய்கிற வேலை. உடம்பு பெருக்கும், துணி சுருங்கும், எதற்கும் இருக்கட்டும் என்று. அவர் அந்த அளவுக்கே வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்படி வைத்தாலும் நுழையவில்லை, அப்படி வைத்தாலும் நுழையவில்லை. "ஏன் டைலரே, துணின்னா மடிச்சுத் தைப்பீங்க. இத நான் எங்க மடிக்கறது?" என்று கேட்டார். அந்தக் கண்ணாடி இப்போது அவர் கடை வாசலில், மீன் தொட்டி வைக்கிற யாருக்கோ காத்துக்கொண்டு நிற்கிறது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், இது டைலர் தைத்த கண்ணாடி என்று சொல்கிறாராம்.

ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. கண்ணாடிக்குத் தரையில் பள்ளம் எடுத்துச் சட்டம் பதிக்க வேண்டும், அதில் உன் சக்கரம் இடிக்கும். அதனால் நானே திரை தைத்துவிட்டேன். தண்ணீர் ஒட்டாத துணி. ஈரத் திரை உடம்பில் வந்து ஒட்டிக்கொள்ளும், அது உனக்குப் பிடிக்காதே என்று, கீழ் மடிப்புக்குள் மெல்லிய சங்கிலி வைத்துத் தைத்திருக்கிறேன். கனத்துக்கு நேராகத் தொங்குகிறது, ஒரு விரலால் இழுத்தால் நகர்கிறது. இத முதல்லயே தைச்சிருக்கலாமே என்றாள் அம்மா. சொல்வாள்.

அடுத்தது தாழ்ப்பாள். அதில் எங்கள் இருவருக்கும் நிஜமாகவே சண்டை வந்துவிட்டது. தாழ்ப்பாளே வேண்டாம் என்றாள். "உள்ள விழுந்து கிழுந்து வெச்சா கதவை உடைச்சுக்கிட்டா நிப்பீங்க? நான் வெளியில உக்காந்துக்கறேன், எனக்கு என்ன வேலை" என்றாள். தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக்கு நம் பெண் எதற்கு வர வேண்டும், அங்கேயே இருந்துகொள்வாள் என்று நான் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று தெரிந்தது. அன்றைக்கு முழுக்க உன் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சோறு போட்டாள், தட்டைப் பார்த்துப் போட்டாள்.

மறுநாள் அவளே கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து, என் மெஷின் மேல் வைத்தாள். "உட்கார்ந்தா எட்டற உயரத்துல வைக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். உள்ளே பூட்டியிருந்தாலும் அவசரமென்றால் வெளியிலிருந்து ஒரு காசை விட்டுத் திருப்பினால் திறக்குமாம். எந்தக் காசும் போதும். ஆனால் அம்மா அதற்கென்றே ஒரு காசைத் தேடி எடுத்து, அடுப்படியில் ஒரு டப்பாவில் போட்டு, அதை யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறாள். அந்தக் காசுக்கு வேலையே வராது என்று சொல்லியிருக்கிறேன். வராமலே இருக்கட்டும் என்றாள்.

நான் நனைந்த வியாழக்கிழமையால் ஒரு லாபம் உண்டு. திருகு ஷவருக்கு நேர் கீழே இருந்தால், திறக்கிறவர் தலையில்தான் முதல் தண்ணீர் விழும், அதுவும் சில்லென்று. இப்போது திருகை வாசல் பக்கச் சுவருக்கு மாற்றியாயிற்று. உள்ளே போகும் முன்பே திறந்து, கையை நீட்டி, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் போகலாம். கையில் பிடித்துக்கொள்கிற ஷவரும் ஒன்று இருக்கிறது. அதன் குழாயை நீளமாகவே வாங்கினேன். அதில் மட்டும் லூஸ் விட்டது சரியாக அமைந்துவிட்டது.

இன்னும் அதில் யாரும் குளிக்கவில்லை. என் சட்டையும் பேன்ட்டும் குளித்ததைக் கணக்கில் சேர்க்காதே. அம்மா புதுத் துண்டு ஒன்றைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மாடத்தில் உறை பிரிக்காத சோப்பு வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டாள். நாங்கள் இருவரும் கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற இடத்தில் தட்டி கட்டிக்கொண்டு, பழைய வாளியில்தான் குளிக்கிறோம். இது என்ன கூத்து என்று கேட்டேன். "புதுசு, ஈரம் காயட்டும்" என்கிறாள். ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டது. கொத்தனாரே வந்து பார்த்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் அவள் அந்தத் துண்டை எடுத்து உதறி, வெயிலில் போட்டு, திரும்பவும் மாட்டுகிறாள்.

இந்தத் தடவை போனில் நீ, சட்டையெல்லாம் தோளில் பிடிக்கிறது என்று சொன்னாய். சக்கரத்தைத் தள்ளித் தள்ளிக் கை உரம் ஏறியிருக்கும். என்னிடம் இருப்பது உன் பழைய அளவு. புதிதாக எடுத்தால்தான் சரியாக வரும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொள்கிறேன், அதற்கும் இப்போது பழகிவிட்டேன். எப்போது என்று நான் கேட்கவில்லை. அம்மாவையும் கேட்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அதை மீறிக் கேட்டால் என்னைக் குறை சொல்லாதே.

நீ உள்ளே இருக்கும்போது நான் சுவருக்கு இந்தப் பக்கம் மெஷினில்தான் இருப்பேன். அது ஓடுகிற சத்தம் கேட்டால், நான் என் வேலையைப் பார்க்கிறேன், காதைத் தீட்டிக்கொண்டு உட்காரவில்லை என்று அர்த்தம். நீயாகக் கூப்பிட்டால் ஒழிய அம்மாவையும் கதவுப் பக்கம் விட மாட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளி. தண்ணீர்த் தொட்டியைப் பெரிதாக மாற்றியிருக்கிறேன். நீ இப்போதும் குளிக்கும்போது பாடுகிறாயா என்று போனில் கேட்க நினைத்தேன். வேற ஒண்ணுமில்ல என்று வைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, இல்லாவிட்டால் அம்மா என்னைச் சாப்பிட விட மாட்டாள். எங்கே இருந்தாலும் நீ நினைத்தபடி, உன் கையாலேயே எல்லாம் செய்துகொண்டு, நன்றாக இரு.

ஒன்று மட்டும். நீ குளித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் மெஷின் சத்தம் நின்றுபோனால் பதறிவிடாதே. நூல் அறுந்திருக்கும்.

உன்
அப்பா